விழப்போற பல்லுதானே!

"விழப்போற பல்லுதானே, விடு." வேலூர்ப் பக்கம் எந்த வீட்டில் குழந்தைக்குப் பல் சொத்தை என்றாலும் ஆயாவோ மாமாவோ யாராவது ஒருத்தர் இதைச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை.

முன்பல் 6, 7 வயதில் விழும், சரி. பால் பல்லிலேயே கடைவாய்ப் பல் 10, 12 வயது வரை இருக்க வேண்டியது. 4 வயதில் சொத்தையானால் அதை வைத்துக்கொண்டு பிள்ளை எத்தனை வருஷம் மெல்லும்? சீக்கிரமே பிடுங்கினால் பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சாய்ந்துவிடும், அடியிலிருந்து வரும் பல்லுக்கு வழி இருக்காது. அப்புறம் கிளிப் போட அலைவதும் இதே குடும்பம்தான்.

இதைவிடப் பெரிதாக நாம் ஏமாறுவது பிள்ளையின் 6 வயதில். கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, பெரிய கடைவாய்ப் பல் ஒன்று முளைக்கும். ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல் அது. ஒன்றும் விழவில்லையே என்று அதையும் பால் பல் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். அதன் மேல்பக்கம் குழி குழியாக இருக்கும். டீயில் தொட்ட பொறை, மக்கன் பேடா எல்லாம் அங்கே போய் உட்காரும், பிரஷ் உள்ளே எட்டாது. பல் முளைத்ததுமே பல் டாக்டரிடம் சீலன்ட் என்ற பூச்சைப் பூசி அந்தக் குழிகளை அடைத்துவிடலாம். ஊசி கிடையாது, வலி கிடையாது. 12 வயதில் வரும் அடுத்த கடைவாய்ப் பல்லுக்கும் இதுவே. (ஆற்காட்டு மக்கன் பேடாவைக் குறை சொல்லவில்லை. சாப்பிட்டால் வாய் கொப்பளியுங்கள், அவ்வளவுதான்.)

கைக்குழந்தைக்குச் சர்க்கரை போட்ட பாலைப் பாட்டிலில் கொடுத்துத் தூங்க வைக்காதீர்கள். தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைவு, பால் அப்படியே தங்கி மேல் முன்பற்களை அரித்துவிடும். முதல் பல் வந்ததும் அரிசி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட், 3 வயதுக்கு மேல் பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்கும் பிதுக்குவது அவர்கள் வியாபாரத்துக்கு. முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். செலவுக்குப் பயந்தால் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை இருக்கிறது.

பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு பல்லையும் பார்க்கும். அவர்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டு புத்தகப் பைக்குள் கசங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள்.

காலேஜ் போகிற பிள்ளைகள் ஈறில் ரத்தம் வந்தால் அந்த இடத்தில் பிரஷ் படாமல் தேய்க்கிறார்கள். பெரும்பாலும் அங்கே அழுக்கு சேர்ந்ததால்தான் ரத்தமே வருகிறது. ஞானப்பல் பாதி ஈறுக்குள் மாட்டி வீங்கினால், மெடிக்கலில் மாத்திரை வாங்கி நாளைத் தள்ளாமல் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.