உள்ளூர்க் கலைஞருக்கும் முக்கிய நேரம் வேண்டும்

உள்ளூர்க் கலைஞர்களையும் வெளியூர்க் கலைஞர்களையும் ஒரே மேடையில் ஏற்றும் ஜாஸ் விழாக்களைப் பாராட்டும் கட்டுரை ஒன்றை மகிழ்ச்சியோடு வாசித்தேன். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஜாஸ் இசை உருவானதில் தெரு ஊர்வலங்களில் வாசித்த பித்தளை வாத்தியக் குழுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், தேவாலயத் திருவிழாப் பவனிகளில் பாண்டு வாத்தியம் கேட்டு வளர்ந்த குமரி மாவட்டத்தாருக்கு அந்த இசை அந்நியமாகத் தோன்றாது.

மேடையிலேயே கற்பனையாக இசையை வளர்க்கும் ஜாஸுக்கு, வில்லை அடித்துக் கதை பாடும் எங்கள் வில்லிசை இன்னும் நெருக்கமானது. முதன்மைப் பாடகரான புலவர் வீசுகோலால் வில்லை அடித்துக் கதையை நீட்டும்போது, குடமும் உடுக்கையும் அவர் போக்கறிந்து தாளத்தை மாற்றுவதும், பின்பாட்டுக்காரர்கள் அவர் விட்ட அடியைச் சட்டென்று பிடித்துக்கொள்வதும் அந்த நேரத்தில் மேடையிலேயே பிறப்பவை. ஜாஸ் கிதார் கலைஞர் ஜான் மெக்லாலின் இந்திய இசைக் கலைஞர்களோடு சேர்ந்து நடத்திய ‘சக்தி’ குழுவில் விக்கு விநாயக்ராமின் கடம் கிதாருக்கு ஈடுகொடுத்து ஒலித்ததை 1970-களிலேயே உலகம் கேட்டுவிட்டது; எங்கள் வில்லுக்குடத்துக்கும் அத்தகைய இடம் உண்டென உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் கூட்டம் சேருமுன் உள்ளூர்க் குழுவைப் பாடவைத்து அனுப்பிவிடும் வழக்கம் வருத்தமளிக்கிறது. நாகர்கோவிலில் இப்படியொரு விழா அமையுமானால், இரு தரப்பாரும் சில நாட்கள் முன்னதாகவே சேர்ந்து பயிற்சி செய்யவும், இரவின் முக்கிய நேரத்தில் ஒன்றாக மேடையேறவும், சன்மானத்தில் வேற்றுமை இல்லாதிருக்கவும் ஏற்பாட்டாளர்கள் எழுத்திலேயே உறுதியளிக்க வேண்டும்.