வன்னி மெக்கானிக்குகளுக்கு ஒரு விருப்பப் பதிவேடு வேண்டும்

மூன்று மாதங்களுக்கு முன்பு, தங்கையின் குடும்பத்தை வவுனியா வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதற்காக எங்களுடைய பழைய வானில் கிளிநொச்சியிலிருந்து புறப்பட்டோம். எல்லோரையும் போல முறிகண்டியில் நிறுத்தி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, பிள்ளைகளுக்குக் கச்சான் வாங்கிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தால், சில்லுகள் அசைய மறுத்தன. முன்சில்லுகள் இரண்டிலும் கைவைக்க முடியாத சூடு, தீய்ந்த நாற்றம். நான் காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்தபடியே நின்றது.

மாங்குளத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். முன்சில்லின் உட்பக்கத்தில் இருந்த சிறிய நிப்பிளை அரைச் சுற்றுத் தளர்த்தினார்; எண்ணெய் பீறிட்டு வெளியே வந்தது, சில்லு விடுபட்டது. வந்த எண்ணெயை விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்தவர், ஒரு போத்தல் மூடியில் தண்ணீர் எடுத்து அதில் இரண்டு சொட்டு விட்டார். நல்ல பிரேக் ஒயில் தண்ணீரோடு கலந்துவிடும். இது கலக்காமல் மேலே வட்டமாக மிதந்தது. “சேர், இதுக்குள்ள என்ன ஊத்தினவங்கள்?” என்று கேட்டார்.

ஒன்பது நாட்களுக்கு முன்பு வேறொரு கராஜில், பிரேக் ஒயில் குறைந்திருக்கிறது என்று சொல்லி ஓர் இளைஞர் ஏதோ ஒரு போத்தலிலிருந்து ஊற்றியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அது என்ஜினுக்கோ கியர்பெட்டிக்கோ உரிய கனிம எண்ணெய். பிரேக்கில் உள்ள றப்பர்கள் அந்த எண்ணெயைக் குடித்து ஊதிவிடும். பிரேக்கை மிதிக்கும்போது எண்ணெயைச் சில்லுகளுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர்; ஊதிய றப்பர் அதன் சிறு துவாரத்தை அடைத்துவிட்டால், அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் பிரேக் தானாகவே பிடிக்கும். மாங்குளத்துக் கராஜில் அவர் கழற்றிய றப்பரையும் புதிய றப்பரையும் என் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழையது காளானைப் போல விரிந்திருந்தது. மாஸ்டர் சிலிண்டர், நான்கு சில்லுகள், ஹோஸ்கள் என்று அந்த எண்ணெய் பட்ட றப்பர் அத்தனையையும் மாற்ற வேண்டியிருந்தது. என்னுடைய ஒரு மாத ஓய்வூதியம் அதற்குப் போதவில்லை. முறிகண்டியில் நின்றபோது தெரிய வந்தது, ஏ9 வீதியில் ஒரு பஸ்ஸை முந்தும்போது நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நினைக்கவே மனம் நடுங்குகிறது.

அந்த இளைஞர் மீது எனக்குக் கோபம் இல்லை. ஒரு எண்ணெயை இன்னொன்றின் இடத்தில் ஊற்றக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்கள். என்னை உறுத்துவது வேறொன்று. இந்த இருவரின் கராஜ்களும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கின்றன: தகரக் கொட்டில், எண்ணெய் ஊறிய நிலம், வாசலில் பழைய ரயர். இருவரிடமும் சான்றிதழ் கிடையாது. பிரதேச சபையின் வியாபார உரிமம் இருந்தாலும், அது அந்த இடத்தில் தொழில் நடத்தலாம் என்று சொல்லுமே தவிர, ஸ்பனர் பிடிக்கும் கையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எந்தக் கையை நம்பலாம் என்பது விபத்துக்குப் பிறகுதான் நமக்குத் தெரிய வேண்டுமா?

ஆகவேதான் வாகன மெக்கானிக்குகளுக்கென ஒரு பதிவேடு வன்னியில் வேண்டும் என்று எழுதுகிறேன். அது கட்டாயமாக இருக்கக்கூடாது, விரும்பியவர் சேர்வதாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மாங்குளத்தில் என் வானைத் திருத்தியவர் 1990களில், பொருளாதாரத் தடைக் காலத்தில் தொழில் பழகியவர். பெட்ரோலும் பற்றரியும் உதிரிப்பாகமும் வராத அந்த நாட்களில், சில சொட்டுப் பெட்ரோலில் என்ஜினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓடவைத்த தலைமுறை அது. அவர்களில் பலர் சாதாரண தரப் பரீட்சை எழுதவில்லை. இடப்பெயர்வில் பள்ளிச் சான்றிதழ்களையே தொலைத்தவர்கள். நாளைக்கே ஒரு சட்டம் போட்டு, காகிதம் இல்லாதவர் கராஜ் நடத்தக்கூடாது என்றால், முதலில் பூட்டப்படுவது அவருடைய கொட்டில்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. ‘பதிவு’ என்ற சொல்லுக்கு வன்னியில் ஒரு பாரம் இருக்கிறது. போர் முடிந்த 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமில் கூடாரம் கூடாரமாகப் பதியப்பட்டவர்கள் நாங்கள். ஊர் திரும்பிய பிறகும் குடும்பப் படத்தோடு மீண்டும் மீண்டும் பதியப்பட்டவர்கள். யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று தெரியாமல் பெயர் கொடுத்த மக்களிடம், இன்னொரு பட்டியலோடு அதிகாரி ஒருவர் போய் நின்றால் கதவு திறக்காது. வரிக்காரன் வருவான் என்ற பயம் அதற்கு மேல். எனவே அந்தப் பதிவேட்டை மெக்கானிக்குகளின் சங்கமே வைத்திருக்க வேண்டும். பெயர் கொடுப்பவர் எப்போது வேண்டுமானாலும் விலகவும் முடிய வேண்டும்.

விருப்பத்துக்கு விட்டால் யார் சேர்வார்கள் என்று கேட்பார்கள். அமெரிக்காவில் 1972 இல், வாகனம் திருத்துவோர் மீது மக்களுக்கு நம்பிக்கை குறைந்திருந்த காலத்தில், ஏஎஸ்இ என்ற இலாப நோக்கற்ற நிறுவனம் இப்படித்தான் தொடங்கியது. அதன் பரீட்சைக்கு வரும்படி யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. தொழில் அனுபவமும் பரீட்சைச் சித்தியும் உள்ளவருக்கே சான்று, அதையும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இந்தப் புதுப்பித்தல்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட வருடங்களில் நம்முடைய வண்டிகள் எல்லாம் கிழடாகிவிட்டன. கூடவே பெட்ரோலோடு மின்சாரத்திலும் ஓடும் ஹைபிரிட் கார்கள் நம் ஊர்க் கராஜ்களுக்கும் வரத் தொடங்கிவிட்டன. அவற்றின் செம்மஞ்சள் நிற வயர்களில் ஓடும் மின்னழுத்தம் ஆளைக் கொல்லக்கூடியது. பன்னிரண்டு வோல்ட் பற்றரியோடு முப்பது வருடம் பழகிய கை, அதை அறியாமல் தொட்டுவிடக்கூடாது.

நமக்கு அடித்தளம் இல்லாமலும் இல்லை. தேசிய தொழில் தகைமை முறையில், பள்ளிக்கூடம் போகாமல் கராஜிலேயே தொழில் கற்றவரின் திறமையைச் செய்துகாட்டச் சொல்லி மதிப்பிட்டு, முன்கற்றலுக்கான அங்கீகாரம் என்ற பெயரில் சான்றிதழ் வழங்க வழி இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் வாகனத் தொழில்நுட்பத்தையும் கற்பிக்கிறது. முறிகண்டியிலிருந்து அது கூப்பிடு தூரம். ஆனால் ஒட்டுசுட்டானிலும் மல்லாவியிலும் இருக்கும் கராஜ்காரருக்கு, ஒரு நாள் உழைப்பை விட்டு, படிவம் நிரப்பி, அங்கே போய் நிற்பது பெரிய காரியம். மதிப்பீட்டாளர் கராஜுக்கு வரட்டும். கேள்வி தமிழில் இருக்கட்டும். கோளாறு வைத்த ஒரு வண்டியை முன்னால் நிறுத்தி, முதலில் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் சரிசெய்யச் சொல்லட்டும், ஏனென்றால் உயிர் போவது அவற்றில்தான். சித்தி பெற்றவரின் பெயர் கராஜ் வாசலில் பலகையில் எழுதப்படட்டும். கராஜின் பெயர் அல்ல, ஆளின் பெயர். அவரிடம் பழகும் பையனுக்கும் அந்தப் பதிவேட்டில் வருடக் கணக்கு எழுதப்பட்டால், அவன் கட்டாருக்குப் போனாலும் கொழும்புக்குப் போனாலும் ‘நாலு வருசம் வேலை செய்தேன்’ என்று வாயால் மட்டும் சொல்ல வேண்டியிராது. முறைப்பாடு வந்தால் மூத்த மெக்கானிக்குகளும் சாரதிகள் சங்கத்தவர் ஒருவரும் உட்கார்ந்து விசாரிக்கட்டும்.

பாடசாலை வான் வைத்திருப்போரும் முச்சக்கர வண்டிச் சங்கங்களும், பலகை உள்ள இடத்தில்தான் பிரேக் வேலை கொடுப்போம் என்று தீர்மானித்தால், சேர்வதற்கு வேறு கட்டாயம் தேவையில்லை.

போன கிழமை மாங்குளத்துக்குப் போய் இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். ஊதிப்போன அந்த றப்பரை அவர் எறியவில்லை. வேலை பழகும் பையன்களுக்குக் காட்டுவதற்காகச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். கடைசிவரை கேட்டுவிட்டு, கையைத் துடைத்தபடி சொன்னார்: “தமிழிலை கேட்டால் நான் வாறன், சேர். மாசி பங்குனியிலை மட்டும் வைக்காதேங்கோ, அறுவடைக்கு உழவு இயந்திரமெல்லாம் இஞ்சதான் வரும். மற்ற எந்த மாதம் வைச்சாலும் முதல்ல என்ரை பேரை எழுதுங்கோ.”