கடைசி இரண்டு நிமிடங்களில் மாறும் விலை

குதிரைப் பந்தயம் திறனைச் சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1996இல், கிண்டிப் பந்தயம் தொடர்பான லட்சுமணன் வழக்கில் தீர்ப்பளித்தது. அதை நான் முழுமையாக ஏற்கிறேன். அமெரிக்கப் பந்தயங்களைத் தொடர்ந்து கவனித்து வருபவன் என்ற முறையில் என் வருத்தம் வேறு: அந்தத் திறனுக்கு உரிய பலன், ஓட்டம் தொடங்கக் கதவு திறக்கும் நேரத்தில் கைநழுவிப் போகிறது.

ஒரு குதிரை ஆறு பர்லாங்கை எத்தனை விநாடிகளில் கடந்தது என்பதை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துவிடுவார். தடத்தின் மண் ஒரு நாள் இறுகி வேகம் கூட்டும், மறுநாள் தளர்ந்து காலை இழுக்கும். வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் பந்தயப் பத்தி எழுதிய ஆண்ட்ரூ பேயர், அன்று ஓடிய குதிரைகளின் தரத்துக்கு எதிர்பார்க்கத்தக்க நேரத்தையும் அவை உண்மையில் எடுத்துக்கொண்ட நேரத்தையும் ஒப்பிட்டு, தடத்தின் பங்கைக் கணித்துக் கழித்தார். அதனால் வெவ்வேறு மைதானத்தில், வெவ்வேறு தூரத்தில் ஓடிய குதிரைகளை ஒரே அளவுகோலில் நிறுத்த முடிந்தது. எனக்கு இது அழகான சிந்தனை. ஆனால் 1992 முதல், குதிரையின் வேகத்தை இப்படிச் சொல்லும் எண்கள் டெய்லி ரேசிங் ஃபார்ம் இதழில் எல்லாருக்கும் கிடைக்கின்றன. உயர்ந்த எண் பெற்ற குதிரையின் மீது பணம் குவிந்து அதன் விலை, அதாவது வென்றால் கட்டிய ஒரு டாலருக்குக் கிடைக்கும் லாபம், இறங்கிவிடுகிறது. எனவே எண் எங்கே பொய் சொல்கிறது, எதிர்ப்பின்றி முன்னால் தனியே ஓடியதால் கூடியதா, வளைவுகளில் வெளிப்புறமாக ஓடியதால் குறைந்ததா என்று பகுத்தறிவதும், அதற்கேற்ற விலை கிடைக்கிறதா என்று பார்ப்பதுமே இன்றைய திறன்.

எல்லாரும் கட்டும் பணம் ஒரே தொகுப்பில் சேர்ந்து, அது பிரியும் விதத்தில் விலை அமையும் முறை டோட். அந்த விலைதான் டோட்டில் கடைசிவரை தெரிவதில்லை. ஐந்தில் ஒரு முறை வெல்லும் என்று நான் கணிக்கும் குதிரைக்கு ஒன்றுக்கு ஆறு என்ற விலை இருந்தால், 100 டாலர் வீதம் ஐந்து முறை கட்டிய 500 டாலருக்கு, வெல்லும் ஒரு முறையில் கட்டிய 100உம் சேர்த்து 700 திரும்பி வரும். அதுவே ஒன்றுக்கு மூன்றாகச் சரிந்தால் 400தான் வரும். கணிப்பில் பிழையே இல்லை, ஆனாலும் நட்டம்.

இந்தச் சரிவு பெரும்பாலும் கணினி வழியாகப் பெருந்தொகை கட்டும் குழுக்களால் வருகிறது. அவர்கள் கடைசி விநாடிகளில் கட்டுகிறார்கள். பல இடங்களிலிருந்து வரும் தொகை ஒன்றுசேர்ந்து விலை காட்டும் பலகையில் ஏறும்போது குதிரைகள் ஓடத் தொடங்கியிருக்கும். கட்டிய தொகையில் ஒரு பகுதி தள்ளுபடியாகவும் அவர்களுக்குத் திரும்புகிறது. சாதாரண மனிதருக்கு அது கிடையாது. அமெரிக்காவின் பெரிய பந்தய விழாவான ப்ரீடர்ஸ் கப்பில், 2002இல் சில ஓட்டங்கள் முடிந்த பிறகு டிக்கெட்டைத் திருத்திய மோசடியை அறிந்த ரசிகர், ஓட்டத்தின் நடுவே விலை விழுவதைக் கண்டால் சந்தேகப்படாமல் என்ன செய்வார்?

நியூயார்க் ரேசிங் அசோசியேஷன் 2021இல், வெற்றிக் குதிரைக்கான பணத்தொகுப்பில் இந்தக் குழுக்கள் கடைசி இரண்டு நிமிடங்களில் நுழையத் தடை விதித்தது. இதை எல்லா மைதானங்களும், எல்லா வகைப் பந்தயத்துக்கும் செய்ய வேண்டும் என்பதே என் கோரிக்கை. தானே விலை சொல்லிப் பணம் வாங்கும் புக்கியிடம் கட்டுபவருக்கு, கட்டிய நொடியில் ஒப்புக்கொண்ட விலை அப்படியே நிற்கிறது. டோட்டில் கட்டுபவருக்கு அந்த அளவு உறுதி கிடைக்காது. கதவு திறப்பதற்கு முன் பலகையில் காணும் எண்ணையாவது அவர் நம்பும்படி இருக்க வேண்டும்.