பத்துப் பேர் வேண்டும்

சனிக்கிழமை நம் பிட்ஸ்பர்க் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். அக்டோபர் 27 நினைவுக் கூட்ட அறிவிப்பைப் பகிர்ந்தேன். "வருடாவருடம் ஒப்பாரி, நமக்கென்ன வந்தது?" என்று ஒருவர் எழுத, அதற்கு வரிசையாகக் கட்டைவிரல்கள்.

நமக்கென்ன வந்ததா? 2018-இல் அதே நாளில், நம் ஊர் ஸ்குவிரல் ஹில் பகுதியில், யூதர்களின் ட்ரீ ஆஃப் லைஃப் ஜெப ஆலயத்துக்குள் 11 பேரைச் சுட்டுக் கொன்றான் ஒருவன். மூத்தவருக்கு வயது 97. அந்தக் கட்டடத்தில் மூன்று சபைகள் கூடி வந்தன. மூன்றும் ஆட்களை இழந்தன.

இறந்தவருக்காக யூதர்கள் சொல்லும் கடிஷ் பிரார்த்தனையில் மரணத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. முழுக்க இறைவனின் புகழ்தான். பெற்றோரை இழந்தவர் 11 மாதம் அதைச் சொல்வார். தனியாகச் சொல்ல முடியாது, பத்துப் பேர் வேண்டும். அழுகிறவன் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கக் கூடாது, ஊரும் தன் பாட்டுக்கு இருந்துவிடக் கூடாது. பத்துப் பேர் வந்தே ஆக வேண்டும். இதையா ஒப்பாரி என்கிறீர்கள்? அந்த வாரம் பிட்ஸ்பர்க் போஸ்ட் கெசட் நாளிதழ் இந்தப் பிரார்த்தனையின் முதல் சொற்களை எபிரேய எழுத்திலேயே முதல் பக்கத் தலைப்பாக அச்சிட்டது. "நமக்கென்ன" என்று அந்த நாளிதழ் கேட்கவில்லை.

அப்பா திருச்சியில் இறந்தபோது விசா சிக்கலால் என்னால் போக முடியவில்லை. காரியம் முழுவதையும் கைபேசியில் பார்த்தேன். அன்று மாலை பக்கத்து வீட்டு யூதப் பெரியவர் வந்து உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக் கூடாது என்பது அவர்கள் வழக்கமாம். வெகுநேரம் கழித்து நான்தான் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். பிறகு அவருடைய தாயார் இறந்தார். பனி கொட்டிய காலைகளில் ஒன்பது பேர்தான் சேர்ந்திருப்பார்கள். பத்தாவது ஆளுக்காக வீடு வீடாகத் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். யூதர் அல்லாததால் நான் போனாலும் அந்தக் கணக்கில் வரமாட்டேன். ஆனாலும் போய் நின்றேன்.

"காசாவைப் பற்றி ஏன் பேசவில்லை?" என்பீர்கள். பேசியிருக்கிறேன். அங்கே சாகும் குழந்தைகளுக்காக அழுதும் இருக்கிறேன். அதற்காக, தொழப் போன 97 வயது மூதாட்டிக்கு அழக் கூடாதா? 2018-இல் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு முதலில் பணம் திரட்டியவர்களில் இந்த நாட்டு முஸ்லிம்களும் இருந்தார்கள். அவர்களுக்கு வராத சந்தேகம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது? ஆர்த்தடாக்ஸ் எனப்படும் கடும் மரபுவழிச் சபைகளில் பெண்களை அந்தப் பத்தில் சேர்ப்பதில்லை என்று இன்னொருவர் குறிப்பிட்டார். உண்மைதான், எனக்கும் உடன்பாடில்லை. ட்ரீ ஆஃப் லைஃப் சேர்க்கிறது.

சடங்கு மூடநம்பிக்கையாம். சரி, சடங்கே இல்லாத நாம் என்ன செய்கிறோம்? போன மாதம் நம் குழுவில் ஒருவரின் தாயார் ஊரில் இறந்தார். திரை நிறையக் கூப்பிய கைகள், "ஆழ்ந்த இரங்கல்". யார் அவர் வீட்டுப் படியேறினோம்? நான் போனபோது சோபாவில் தனியாக உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்க ஆள் இல்லை. நூற்றுக்கணக்கானோர் இருக்கும் குழுவில் பத்துப் பேர் கிடைக்கவில்லையா? எனக்குக் கோபம் அதில்தான். அவர் இன்னும் விடுப்பில்தான் இருக்கிறார், வீட்டில்தான் இருக்கிறார். இன்று மாலை நான் போகிறேன். காரில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.