"இருந்திருக்கவே முடியாது" என்று சொன்னவருக்கு

கடந்த ஞாயிறு இலங்கை மலையகத்தின் ஹட்டனில் நடந்த நூல் உரையாடலின் காணொளியைப் பலரும் பார்த்திருப்பார்கள். 1934ஆம் ஆண்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் காணாமற்போன கணக்கப்பிள்ளையைப் பற்றித் துப்புத் தேடி வரும் ஒரு பெண் நிருபரையும், அவளுக்கு உதவப்போய் அவளிடமே மனதைப் பறிகொடுக்கும் தொழிலாளியையும் வைத்து ஒரு தங்கை எழுதிய நாவலை, "அந்தக் காலத்து மலையகத்தில் பெண் நிருபர் இருந்திருக்கவே முடியாது" என்ற ஒரே வாக்கியத்தால் மூத்தவர் ஒருவர் ஒதுக்கிவிட்டார். அரங்கு கைதட்டியது. அந்தக் கைதட்டல்தான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

இருந்திருக்க முடியும், ஐயா. மீனாட்சி அம்மாளை எப்படி மறந்தீர்கள்? தோட்டத் தொழிலாளர் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியாரான அவர், நடேசய்யர் நடத்திய 'தேசபக்தன்' இதழில் எழுதினார். தொழிலாளர் கூட்டங்களில் தாமே இயற்றிய பாடல்களைப் பாடினார். அவற்றை அச்சிட்டும் பரப்பினார். வெளியார் தோட்டத்துக்குள் கால்வைக்க முடியாதிருந்த நாளில் நடேசய்யர் துணி வியாபாரியைப் போல் உள்ளே நுழைந்து, தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயங்களின் நிலையைக் கண்டறிந்ததை மேடைதோறும் பெருமையோடு சொல்கிறோம். அதையே நாவலில் ஒரு பெண் வளையல் கூடையோடு செய்தால் ஏன் நம்ப மறுக்கிறோம்?

"அவர் நிருபர் அல்லவே" என்பீர்கள். பதவிப் பெயர் எதுவாயினும், கண்டதை எழுதினார். எனக்கு அது போதும். "போராட்ட வரலாற்றில் காதல் எதற்கு, துப்பறியும் கதை எதற்கு" என்றும் கேட்டீர்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தபோது, என்ன நடந்தது என்று கண்டறிய ஓர் ஆணைக்குழுவே அமைக்க வேண்டியிருந்தது. உண்மையைத் தோண்டி எடுக்கவேண்டிய இடமாகத்தான் தோட்டம் இருந்திருக்கிறது. காதலைப் பற்றி நான் வாதாடப் போவதில்லை. நம் பாட்டன் பாட்டிமாரும் மனிதர்கள்தாம்.

நாவலில் பிழை இல்லாமல் இல்லை. கடனைத் தீர்த்தால் தொழிலாளரை விடுவிப்பதாகத் தோட்டம் எழுதிக்கொடுக்கும் சீட்டுதான் துண்டு. 1921இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்ட அந்தத் துண்டு முறை நாவலில் 1934இலும் நடக்கிறது. கங்காணி துண்டு கேட்டு மிரட்டுகிறான். அது திருத்தப்பட வேண்டும். அதை நீங்கள் கவனிக்கவில்லை; பெண்ணைத்தான் கவனித்தீர்கள்.

நான் பிரதேச நிருபராக இருந்தவள். ஒரு தோட்டத்தில் லயம் தீப்பற்றிய மறுநாள், மழையில் மை கரைந்துகொண்டிருந்த குறிப்புப் புத்தகத்தோடு வாசலில் நின்றேன். அங்கிருந்த அதிகாரி என்னைத் தாண்டி, எனக்குத் துணையாக வந்த தம்பியிடம் "நீங்கள்தானே நிருபர், உள்ளே வாருங்கள்" என்றார். தம்பிக்கு அப்போது பதினாறு வயது. அன்று மாலை அழுதுகொண்டேதான் அந்தச் செய்தியை எழுதினேன்.

அச்சில் வந்ததும் அம்மாயி கோதுமை மாவில் பசை காய்ச்சி, அடுப்படிச் சுவரில் புகை குறைவாகப் படியும் மூலையாகப் பார்த்து அதை ஒட்டினார். எழுத்துத் தெரியாதவர். "இதுல ஒன் பேரு எங்க இருக்கு?" என்று விரலால் தடவிக் கேட்டார். பெயர் இல்லை, 'எமது நிருபர்' என்று மட்டுமே இருந்தது.

பழைய இதழ்களிலும் அப்படிப் பெயரில்லாமல் எத்தனையோ தோட்டச் செய்திகள் கிடக்கின்றன. அவற்றை எழுதியவர்கள் அத்தனை பேரும் ஆண்கள்தாம் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள், ஐயா?