கடற்புல்லை மேய்வது குற்றமா?

கடற்புல் வெளிகளைப் பற்றிய பேச்சு இப்போது பெரும்பாலும் கரிமக் கணக்கில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. கடலடித் தரையில் ஆயிரத்தில் இரண்டு பங்கைக்கூட நிரப்பாத இந்தப் புல், கடற்படிவுகளில் ஆண்டுதோறும் புதையும் கரிமத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைப் புதைக்கிறது என்ற மதிப்பீடு எங்கும் எடுத்தாளப்படுகிறது. அந்த மதிப்பீட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் புல்வெளியை வெறும் கரிமக் கிடங்காகப் பார்க்கப் பழகியவர்களுக்கு, அதைத் தின்று வாழும் பேராமை என்னும் பச்சைக் கடலாமையும் கடல்பசு என்னும் பாலூட்டியும் கிடங்கைக் காலி செய்ய வந்தவையாகத் தோன்றத் தொடங்கியிருப்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

கடற்புல் பாசி அன்று. வேரும், மண்ணுக்கடியில் படரும் மட்டத்தண்டும், பூவும் விதையும் கொண்ட தாவரம் அது. மேய்ச்சலோடு சேர்ந்தே வாழ்ந்து வந்திருக்கிறது. நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை தின்னும் கடல்பசு, புல்லை வேரோடு பெயர்த்துத் தின்பதால் அதன் பின்னே வெறும் மணல் தடம் நீண்டு கிடக்கும். அந்தத் தடத்தில் முதலில் குடியேறுபவை விரைந்து வளரும் மெல்லிய புல்வகைகள். கடல்பசு விரும்பித் தின்பவையும் அவையே. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுப் பகுதியில் கடல்பசு, பேராமை இரண்டின் சாணத்திலும் முளைக்கும் திறன் கெடாத கடற்புல் விதைகள் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன.

மிகைமேய்ச்சல் எங்குமே நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. லட்சத்தீவின் அகத்தித் தீவை ஒட்டிய ஆழமற்ற கடற்கழியில் பேராமைகள் பெருகியபோது புல்வெளி அழிந்தது. மீன்வளம் குறைந்ததற்கு ஆமைகளே காரணம் என்று மீனவர்கள் கோபம் கொண்டார்கள். பெர்முடாவிலோ எஞ்சிய புல்லைக் காக்க அதன்மேல் கூண்டு போட வேண்டியதாயிற்று. ஆனால் ஆமையைப் பாதுகாத்த அதே மனிதர்கள்தாம் ஆமையை வேட்டையாடும் சுறாக்களைக் கடல்தோறும் பிடித்துக் குறைத்தார்கள் என்பதையும், புல் வளரும் ஆழமற்ற நீரைக் கழிவால் கலக்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் ஆமையின் பசியை மட்டும் பேசுவது நியாயமாகாது.

இவற்றுக்கெல்லாம் மேலாக வெப்பம் வந்து சேர்ந்திருக்கிறது. நீர் சூடாகும்போது புல்லின் சுவாசச் செலவு கூடுகிறது. அதை ஈடுகட்ட மட்டத்தண்டில் சேர்த்துவைத்த மாவுச்சத்தை அது எடுத்துக்கொள்கிறது. மேயப்பட்ட புல் மறுபடி துளிர்ப்பதற்கும் அந்தச் சேமிப்பையே நம்பியிருக்கிறது. ஆகவே முன்பு தாங்கிக்கொண்ட அதே கடி இப்போது அதைக் கொன்றுவிடலாம். இதற்கிடையே, வெப்பக் கடல்களின் தாவரந்தின்னி மீன்கள் புதிய இடங்களுக்கும் பரவுகின்றன. 1869இல் திறக்கப்பட்ட சூயஸ் கால்வாய் வழியே மத்தியதரைக் கடலுக்குள் வந்த ஓரா மீன்கள், அந்தக் கடல் சூடாகச் சூடாக மேற்கு நோக்கி நகர்ந்துவருகின்றன. மெக்சிகோ வளைகுடாவின் வடகரையில் கிளிமீன்கள் பெருகியிருக்கின்றன.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் நடந்ததை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். 2010–11 கோடையில் வந்த கடல் வெப்ப அலையில் அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமடைந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளில் 20 லட்சம் முதல் 90 லட்சம் டன் வரை கரியமில வாயு அதனால் வெளியேறியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். அந்தக் கரிமத்தை வெளியேற்றியது எந்த ஆமையும் அன்று. புல் போனபின் அங்கிருந்த பேராமைகளின் உடல்நிலை நலிந்தது. பிறகு ஆய்வாளர்கள் சிலர், புலிச்சுறாக்கள் இல்லாமற்போனால் கடல்பசுக்கள் எப்படி மேயுமோ அப்படி நீருக்கடியில் தாங்களே புல்லைப் பெயர்த்துப் பார்த்தார்கள். அச்சமற்ற அந்த மேய்ச்சல் இருந்திருந்தால், வெப்ப அலையில் அடிபட்ட புல்வெளி மீண்டெழ வழியே இருந்திருக்காது என்று தெரிந்தது. புலிச்சுறா கடலடியில் ஒரு புல்லைக்கூடத் தின்பதில்லை. ஆனாலும் அந்தப் புல் பிழைப்பது அது கொடுக்கும் அச்சத்தைப் பொறுத்திருக்கிறது.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து இந்தியன் ஆற்றுக் கடற்கழியில் கதை வேறு. உரமும் கழிவும் கலந்து பாசி பெருகி, ஒளியின்றிப் புல் முதலில் மடிந்தது. பின்னரே 2021இல் அம்மாநிலத்தில் 1,100க்கும் மேற்பட்ட மானட்டீ என்னும், புல் மேயும் கடற்பாலூட்டிகள் இறந்தன, அவற்றுள் பல பட்டினியால். அந்தக் குளிர்காலத்தில் மனிதர்கள் அவற்றுக்குக் கீரை வீசிக் காப்பாற்ற முயன்றார்கள்.

கூண்டுகளை நான் எதிர்க்கவில்லை; கடைசித் திட்டு புல்லைக் காக்க அவை தேவைப்படலாம். ஆனால் கடற்புல் மீட்புக்குப் பணம் ஒதுக்கும் ஒவ்வொரு திட்டமும், நட்ட பரப்பையும் சேரும் கரிமத்தையும் காட்டுவதோடு, அந்தக் கடலில் எத்தனை சுறாக்கள் எஞ்சியிருக்கின்றன, நீர் எவ்வளவு தெளிந்திருக்கிறது, நட்ட புல் எந்த வெப்பநிலை வரை தாங்கும் என்பதையும் சொல்ல வேண்டும். இவற்றைக் கேட்காமல் மேயும் விலங்கைத் தடுக்க மட்டும் செலவிடும் திட்டம் எதற்கும் என் ஆதரவு இல்லை.