மங்கோலியாவைத் திட்டுவதற்கு முன்

"புதின் மேல் பிடியாணை போட்டு என்ன ஆயிற்று? அவர் பாட்டுக்கு ஊர் சுற்றுகிறார், இதெல்லாம் ஒரு நீதிமன்றமா?" என்ற கேள்வி என் டைம்லைனில் அடிக்கடி வருகிறது. கேள்வி நியாயமானதுதான். கோபம்தான் விலாசம் மாறிப் போகிறது.

ஹேக்கில் இருக்கும் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்குச் சொந்தமாக ஒரு போலீஸ்காரர்கூடக் கிடையாது. அது பிடியாணை போடும். பிடித்துக் கொடுக்க வேண்டியவை ரோம் சாசனத்தில் (அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ஒப்பந்தம்) சேர்ந்த நாடுகள், சுமார் 125. (இந்தியா சேரவில்லை. அதனால் புதின் டெல்லி வந்தபோது நமக்கு அந்தத் தர்மசங்கடம் இல்லை.)

உக்ரைன் குழந்தைகளை ரஷ்யாவுக்குக் கொண்டுபோன விவகாரத்தில் 2023 மார்ச்சில் பிடியாணை வந்தது. 2024 செப்டம்பரில் புதின் மங்கோலியத் தலைநகர் உலான்பாதர் போய் இறங்கினார். மங்கோலியா உறுப்பு நாடு. அந்த நீதிமன்றத்தில் மங்கோலிய நீதிபதி ஒருவர்கூட இருக்கிறார். ஆனாலும் சுக்பாதர் சதுக்கத்தில் அணிவகுப்பு மரியாதை தடபுடலாக நடந்தது.

அவர்கள் நிலைமையையும் பாருங்கள். வடக்கே ரஷ்யா, தெற்கே சீனா, வேறு அண்டை நாடே கிடையாது. பெட்ரோல், டீசலில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ரஷ்யாவிலிருந்து வருகிறது. குளிர்காலத்தில் மைனஸ் முப்பதைத் தொடும் ஊர். புதினைப் பிடித்து உள்ளே போடுங்கள் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீதிமன்றம் விடவில்லை. 2024 அக்டோபர் 24 அன்று மங்கோலியா கடமை தவறியது என்று தீர்ப்புச் சொன்னது. நாட்டின் தலைவர் என்ற பாதுகாப்பு இங்கே செல்லாது, அவருடைய நாடு சாசனத்தில் சேராவிட்டாலும் செல்லாது என்று தெளிவாகவே சொன்னது.

ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை, நவம்பர் 21 அன்று நெதன்யாகு மேல் பிடியாணை. நவம்பர் 27 அன்று பிரான்ஸ் வெளியுறவு அமைச்சகம் ஓர் அறிக்கை விட்டது: இஸ்ரேல் உறுப்பு நாடு அல்ல, எனவே அதன் பிரதமருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. மங்கோலியா சொல்லி அடிவாங்கிய அதே வாதம்! பிரான்ஸுக்கு டீசல் பிரச்சினையா, குளிர் பிரச்சினையா?

இத்தாலி இன்னும் மோசம். லிபியச் சிறைச் சித்திரவதைகளுக்காகத் தேடப்பட்ட அல்மஸ்ரி என்பவரை 2025 ஜனவரியில் டூரினில் பிடித்தார்கள். இரண்டே நாளில், நடைமுறைக் கோளாறு என்று விடுவித்து, அரசு விமானத்திலேயே ஏற்றி திரிபோலிக்கு அனுப்பி வைத்தார்கள். ஏப்ரலில் ஹங்கேரி நெதன்யாகுவுக்கு வரவேற்பு கொடுத்த கையோடு, நாங்கள் விலகுகிறோம் என்றது. விலகல் நடைமுறைக்கு வர ஒரு வருடம் ஆகும். ஆக, அன்றைக்கு அவர்கள் முழு உறுப்பினர்தான்.

இதற்காக பிடியாணை வெறும் காகிதம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிலிப்பைன்ஸின் முன்னாள் அதிபர் டுடெர்டேவைக் கேளுங்கள். 2019 மார்ச்சில் தன் நாட்டைச் சாசனத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டால் தப்பித்தோம் என்று நினைத்தார். அதற்கு முந்தைய போதை ஒழிப்புக் கொலைகளை விசாரிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திடமே தங்கிவிட்டது. அப்புறம் அவர் குடும்பத்துக்கும், அவருக்கு அடுத்து அதிபரான மார்கோஸின் குடும்பத்துக்கும் முட்டிக்கொண்டது. 2025 மார்ச் 11 அன்று ஹாங்காங்கிலிருந்து மணிலா வந்து இறங்கியவரைப் பிடித்து, மறுநாள் நெதர்லாந்தில் இறக்கிவிட்டார்கள். உள்ளூர் அரசியல் எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. பிடியாணைக்குக் காலாவதித் தேதியும் கிடையாது.

அதனால்தான் அந்த நீதிமன்றத்தின் நீதிபதிகள் மேலேயே அமெரிக்கா கை வைத்திருக்கிறது. நெதன்யாகு பிடியாணையில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான நிக்கோலா கியூ பிரெஞ்சுக்காரர். 2025 ஆகஸ்ட்டில் அவர் மேல் பொருளாதாரத் தடை விழுந்தது. அமெரிக்க நிறுவனங்களின் கார்டு, இணையச் சேவை எல்லாம் இப்போது அவருக்குச் சிக்கல். போதைக் கடத்தல்காரர்களுக்கும் பயங்கரவாதிகளுக்கும் போடுகிற தடை, ஒரு நீதிபதிக்கு.

வெளிநாட்டுத் தடைகள் தன் மண்ணில் செல்லாது என்று அறிவிக்க ஐரோப்பிய ஒன்றியத்திடம் 1996 முதலே ஒரு சட்டம் இருக்கிறது. கியூபா விஷயத்தில் அமெரிக்காவுக்கு எதிராகவே கொண்டுவந்தது அது. தன் நாட்டு நீதிபதிக்காக அதைக் கையில் எடுக்கச் சொல்லி பிரஸ்ஸல்ஸில் பிரான்ஸ் மேசையைத் தட்டட்டும். மங்கோலியாவுக்கு அறிவுரை சொல்வதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.